இருளை ஆராய்ந்த உமாபதி சிவாசாரியார்

சித்திரை மாதத்து அத்த நட்சத்திரம் உமாபதி சிவாசாரியாரின் குருபூசைத் தினமாகும். சமய குரவர் நால்வரின் குருபூசைக்குக் கூடும் கூட்டம் சந்தான குரவரின் குருபூசைக்குக் கூடுவதில்லை என்பதை நாம் அறிவோம். தேவாரத்தைப் பண்ணோடு பாடத் தெரிந்தவர் ஊர்தோறும் இருப்பர். திருவருட்பயன் என்ற நூலைப் பெயரளவிலேனும் அறிந்தவர் சிலரே. ஆயினும் இம்மலரிலே எழுதத் தக்க பெரியார் ஒருவரை நினைத்தபோது நம் மனம் அந்நூலைச் செய்தவரிடமே சென்றது. அதற்குக் காரணம் உண்டு.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினத்தன்று காலையிலே கடல் எழுந்து வந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று வரிசையாக நிற்கும் நம் ஊர்களில் எந்த ஊரையும் அது விட்டு வைக்கவில்லை. அம்பாறை மாவட்டத்திலே மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோயிலுக்கு நேர்த்தி வைத்தவரும் போயினர், பள்ளிவாசலில் தொழுது வந்தவரும் போயினர், ஒன்றும் அறியாத பாலகரும் போயினர். அதற்கு முன்னும் பின்னும் யுத்தம் இருந்தது. அந்த நாள் தொட்டு ஒரு கேள்வி இக்கரையிலே உலாவுகின்றது. இறைவன் நல்லவன் என்கிறோம், எல்லாம் வல்லவன் என்கிறோம். அப்படியாயின் இத்துன்பம் எங்கிருந்து வந்தது? வாலிபர்கள் வாய்விட்டுக் கேட்கின்றனர். முதியோர் கேளாமல் இருக்கின்றனர் என்றால், கேள்வி அவர்களிடத்தில் இல்லை என்பது பொருளன்று.

கேள்வி புதிதன்று. கிரேக்க நாட்டிலே எபிக்கூரஸ் என்னும் அறிஞர் பெயரால் இது பழங்காலந்தொட்டு வழங்கி வருகின்றது. 1755 ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, சகல அர்ச்சியசிட்டர் திருநாளன்று காலையிலே போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரம் பூமியதிர்ச்சியாலும் கடற்பெருக்காலும் தீயாலும் அழிந்தபோது, கோயிலிலே கூடியிருந்தவர்கள் இடிபாட்டில் மாண்டனர். ஆகக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று லைப்னிற்ஸ் என்னும் தத்துவஞானி எழுதி வைத்ததை வோல்டேர் என்பார் அதன்பின் ஏற்க மறுத்துக் கவிதை செய்தார். நம் நாட்டு வேதாந்த சூத்திரமும் இதைத் தொட்டிருக்கின்றது. ஒருவனுக்கு இன்பமும் ஒருவனுக்குத் துன்பமும் தருகிற இறைவனுக்குப் பாரபட்சமும் கொடுமையும் உண்டோ என்று வினவி, அவரவர் வினையை நோக்கியே தருகிறான் என்று விடை கூறுகின்றது. சங்கரர் தமது உரையிலே மழையை உவமையாக்கினார். மழை எல்லா வயலுக்கும் ஒன்றுபோலப் பெய்கிறது, நெல் விதைத்த வயலிலே நெல்லும் வரகு விதைத்த வயலிலே வரகும் விளைவதற்கு மழை பொறுப்பன்று என்பது அதன் கருத்து. வயலை நம்பி வாழும் நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஆனால் முதல் வினை எப்படி வந்தது என்று வாலிபன் ஒருவன் கேட்டால், அவனுக்கு இன்னும் ஒரு படி இறங்கி விடை சொல்ல வேண்டும். அந்தப் படியிலே இறங்கியவர்கள் தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்திகள். அவர்களுள் துன்பத்தின் வேராகிய இருளுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துப் பாடியவர் உமாபதி சிவாசாரியார்.

அவர் வாழ்ந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியும் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கமும் ஆகிய காலம். தில்லையிலே நடராசப் பெருமானைப் பரம்பரையாகப் பூசிக்கும் அந்தணர் குலத்திலே பிறந்தார். வேதமும் ஆகமமும் வடமொழியும் தமிழும் முறையாகக் கற்றார். பௌட்கர ஆகமத்துக்கு வடமொழியிலே உரை கண்டவர் என்று அவரைச் சொல்வர். கல்வியும் குலமும் கோயிலுரிமையும் ஒருங்கே வாய்த்தவர்களுக்கு அந்நாளிலே கிடைத்த மரியாதைகள் பல. பூசை முடிந்து வீடு திரும்பும்போது சிவிகையிலே செல்வார். குடை பிடிப்பர், முன்னே வாத்தியம் முழங்கும், நண்பகலாயினும் தீவட்டி பிடித்துச் செல்வர். பகலிலே விளக்கு எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. மரியாதை என்ற பெயரிலே நடக்கும் காரியங்களுக்குக் காரணம் கேட்கும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஒரு நாள் சிவிகை வரும் வீதியிலே ஒரு திண்ணையில் மறைஞான சம்பந்தர் என்னும் ஞானி இருந்தார். ஊர்வலத்தைக் கண்டு, பக்கத்தில் இருந்த மாணவர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னார். உயிரற்ற மரத்தின்மேல் ஏறிக்கொண்டு, பகலிலே கண் தெரியாத ஒருவர் போகிறார் என்பது அவ்வார்த்தையின் கருத்து. மெல்லச் சொன்னாரோ உரக்கச் சொன்னாரோ, அது சிவிகைக்குள் இருந்தவர் காதிலே விழுந்தது. வேறொருவராயின் காவலரை ஏவியிருப்பர், அல்லது கேளாதவர்போற் போயிருப்பர். உமாபதியார் கீழே குதித்தார். தம்மைக் குருடர் என்று சொன்னவரின் பின்னாலே நடக்கலானார்.

சம்பந்தரோ திரும்பிப் பாராமல் விரைந்தார். நெசவாளர் தெருவுக்குள் புகுந்தார். அங்கே பாவு நூலுக்கு இடுவதற்காகக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தனர். அவர் இரு கைகளையும் ஏந்தி அதைக் கேட்டார். அவர்கள் வார்த்தனர், அவர் குடித்தார். புறங்கை வழியே ஒழுகிய கூழை, பின்னே நின்ற உமாபதியார் தம் கையில் ஏந்தி, பிரசாதம் என்று பருகினார்.

மருதமுனையைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு வாழும் நமக்கு இக்காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வூர்க் கைத்தறிச் சாறமும் புடவையும் வாங்காத வீடு இப்பகுதியிலே ஏது? பாவுக்குக் கஞ்சியிடுவதும், அது நூலிலே காய்ந்து விறைப்பதும், அதன் மணமும் நமக்குத் தெரியும். அது நூல் உண்ணும் உணவேயன்றி மனிதர் உண்ணும் உணவன்று. தில்லையந்தணர் ஒருவர் அதைப் பருகினார் என்றால், அதுவும் நெசவாளர் கையிலிருந்து வேறொருவர் கைவழி ஒழுகியதைப் பருகினார் என்றால், அவர் சிவிகையிலிருந்து இறங்கிய தூரம் எவ்வளவு என்று நாம் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தில்லையிலே அவருக்கு இருந்த இடம் அன்றோடு போயிற்று. உடனொத்தவர்கள் அவரைப் பந்தியிலிருந்தும் பூசை முறையிலிருந்தும் விலக்கினர். அவர் வழக்காடவில்லை. சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியிலே மடம் அமைத்துக் குருவின் அருளால் பெற்ற ஞானத்தை நூல்களாக்கலானார். கொற்றவன்குடி உமாபதி சிவம் என்ற பெயர் அதன்பின் நிலைத்தது.

இவ்விடத்திலே அவருடைய குருமரபைச் சிறிது நினைவு கொள்ளுதல் தகும். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களாற் சிவஞானபோதத்தை அருளியவர். வயதிலே இளையவர். அவர் குடும்பத்துக்குக் குலகுருவாய் இருந்தவர் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற முதியவர். ஆணவ மலத்தின் இயல்பைச் சிறியவர் மாணவர்க்குப் போதித்துக்கொண்டிருந்த நேரத்திலே பண்டிதர் அங்கே வந்து, ஆணவத்தின் வடிவம் எப்படியிருக்கும் என்று நின்றபடியே கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. நின்றவரை அடி முதல் முடி வரை ஒரு முறை பார்த்தார். பண்டிதருக்கு விளங்கிவிட்டது. அவரே பின்னர் அருணந்தி சிவாசாரியார் ஆகிச் சிவஞான சித்தியாரைச் செய்தார். அருணந்தியின் மாணவர் மறைஞான சம்பந்தர், அவர் மாணவர் நம் உமாபதியார். தீமை என்பது என்ன என்று கேட்டவருக்கு அவரையே காட்டிக் கொடுத்த மரபு இது. ஒருவரை நின்ற நிலையிலே பிடித்தது, மற்றவரைச் சிவிகையிலே பிடித்தது. இருவரும் ஊரிலே கெட்டவர்கள் அல்லர், கற்றவர்களிற் சிறந்தவர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மெய்கண்ட சாத்திரம் பதினான்கு என்பது வழக்கு. அவற்றுள் எட்டு உமாபதியார் பெயரால் உள்ளன. சிவப்பிரகாசம், திருவருட்பயன், வினாவெண்பா, போற்றிப் பஃறொடை, கொடிக்கவி, நெஞ்சுவிடுதூது, உண்மைநெறி விளக்கம், சங்கற்ப நிராகரணம் என்பன அவை. இவற்றுள் உண்மைநெறி விளக்கம் மட்டும் வேறொருவர் செய்தது என்பாரும் உளர். சிவப்பிரகாசத்தை யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியிலே பணியாற்றிய ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் ஆங்கிலத்திலே பெயர்க்க, அது 1854 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அச்சாயிற்று. நம் இலங்கை மண்ணிலிருந்து அந்நூல் கடல் கடந்தது என்பதிலே நமக்கு ஒரு மகிழ்ச்சி.

சங்கற்ப நிராகரணத்திலே அதன் காலம் சகாப்தம் 1235 என்று குறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 1313. தமிழ்நாட்டுக்கு அது நல்ல காலமன்று. பாண்டிய அரசுரிமைக்காகச் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் உடன்பிறந்தார் போர் தொடுத்திருந்தனர். 1311 இலே டில்லிச் சுல்தானின் படை மாலிக் காபூர் தலைமையிலே மதுரை வரை வந்து பொருளை வாரிச் சென்றது. அரசுகள் ஆட்டங்கண்ட அக்காலத்திலே அமர்ந்து எழுதியவர், தீமைக்குக் காரணம் இன்ன அரசன், இன்ன படை, இன்ன சமயம் என்று எழுதவில்லை. மாயாவாதி, ஐக்கியவாதி முதலாகப் பிற கொள்கையாளரோடு நியாயம் பேசினார். அவர் பேசிய நியாயங்களுள் முக்கியமான ஒன்று, ஆணவம் என ஒன்று உண்டா இல்லையா என்பது. ஐக்கியவாதி மாயையும் கன்மமும் போதும், ஆணவம் வேண்டுவதில்லை என்பவன். உமாபதியார் இதை ஒப்பவே இல்லை. ஏன் இத்தனை பிடிவாதம் என்பதைத் திருவருட்பயனிலே காணலாம்.

திருவருட்பயன் நூறு குறட்பாக்களால் ஆன சிறிய நூல். பத்து அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்துப் பாக்கள். முதலதிகாரம் இறைவன் நிலை, இரண்டாவது உயிர்களின் நிலை, மூன்றாவது இருண்மல நிலை. நாலாவதிலேதான் அருள் வருகின்றது. அருளைப் பேசுமுன் இருளைப் பேசியாக வேண்டும் என்பது ஆசிரியர் கருத்துப் போலும். இருள் இல்லை என்று சொல்லி ஆறுதல் கூறுவோரை அவர் மறிக்கிறார். இருள் இல்லையாயின் இத்துன்பம் ஏது என்று கேட்கிறார். துன்பத்தை மாயத்தோற்றம் என்று தள்ளிவிடுவோர்க்கு இதுவே முதற்கேள்வி. சரி, துன்பம் உயிரின் இயற்கைக் குணமே என்று கொள்ளலாமோ என்றால், அதுவும் ஆகாது. குணத்தைப் போக்கினால் குணத்தை உடையதும் உடன்போகும். நெருப்பின் சூட்டைப் போக்கிவிட்டு நெருப்பை வைத்திருக்க முடியுமா? ஆகவே துன்பத்தின் வேர் உயிரோடு கூடி நிற்பது, ஆனால் உயிர் அன்று. இனி, அது இடையிலே ஒரு நாள் வந்து ஒட்டியது என்றால், ஒட்டியதற்குக் காரணம் என்ன? காரணமின்றி ஒரு முறை ஒட்டியது, முத்தி பெற்றபின்னும் ஒட்டாதென்பதற்கு உறுதி ஏது? ஆகவே அது அநாதி. செம்பிலே களிம்பு போலவும், நெல்லிலே உமி போலவும் தொடக்கத்திலிருந்தே உள்ளது.

இந்த நியாயம் நம்மை எங்கே கொண்டுவந்து விடுகின்றது என்று வாலிபர்கள் சிந்திக்க வேண்டும். எபிக்கூரஸ் பெயரால் வழங்கும் கேள்வி, எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்த கடவுளை நோக்கியது. படைத்தவனே தீமைக்கும் பொறுப்பு என்பது அதன் வலிமை. சித்தாந்தமோ இறைவன் உயிரைப் படைத்தான் என்று சொல்லவில்லை, ஆணவத்தைப் படைத்தான் என்றும் சொல்லவில்லை. பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை. இறைவன் செய்வது, ஏற்கெனவே இருட்டறையிலே கிடக்கும் உயிருக்கு விளக்கு ஏற்றித் தருவது. உடம்பும் உலகமும் அவ்விளக்கு. விடியும் வரைக்கும் ஏற்றி வைத்த விளக்குப் போன்றது மாயை என்று ஆசிரியர் சொல்லுகிறார். உலகம் பொறியன்று, மருந்து. துணி வெளுப்போர் அழுக்கைப் போக்குவதற்கு மேலும் உவர்மண்ணைப் பூசுவது போல என்று அருணந்தியார் காட்டிய உவமையும் இக்கருத்தினதே.

அவ்வாறாயின் இறைவனுடைய வல்லமைக்குக் குறை வந்துவிடாதோ என்று கேட்பர். நியாயமான கேள்வியே. குறை வருகின்றதென்றே பிற சமயத்தார் பலர் கொள்வர். நம் ஆசிரியர்கள் வல்லமையைக் காப்பாற்றுவதிலும் அருளைக் காப்பாற்றுவதே முக்கியம் என்று கொண்டனர் என்று நாம் கருதுகிறோம். தீமையை விரும்பிச் செய்யும் பேராற்றலைக் காட்டிலும், தீமையோடு ஓயாமற் பொருதும் பேரருள் வணங்கத்தக்கது.

இருளைப் பற்றி அவர் சொன்னவற்றுள் நம் நெஞ்சிலே தைப்பது ஒன்று உண்டு. சாதாரண இருட்டு, மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும். இருட்டாயிருக்கிறது என்றாவது நமக்குத் தெரியும். ஆணவ இருள் அப்படியன்று. பொருளையும் மறைக்கும், தான் இருப்பதையும் மறைக்கும். அதனாலேதான் அதிலே கிடப்பவர் தம்மை வெளிச்சத்திலே இருப்பவராக எண்ணுகின்றனர். இக்கருத்தைப் படிக்குந்தோறும் அந்தத் தீவட்டிகள் நம் கண்முன் வருகின்றன. முன்னாலே விளக்கு, உச்சியிலே சூரியன், நடுவிலே சிவிகை. அதற்குள்ளே இருந்தவர் தாமே பின்னாளிலே இதை எழுதினார். ஏட்டிலே படித்ததை மட்டும் வைத்து எழுதியதாக நமக்குத் தோன்றவில்லை.

அவருக்கும் ஐயங்கள் இருந்தன. வினாவெண்பா என்ற நூல் பதின்மூன்று வெண்பாக்களாலானது. அதிலே குருவை விளித்துக் கேள்விகளாகவே கேட்டுச் செல்கிறார். ஒளியும் இருளும் ஓரிடத்திலே கூடியிருப்பது அரிதாயிற்றே, ஒளியாகிய இறைவன் உயிருக்குள்ளே என்றும் நிற்கிறான் என்றால் இருள் அதே உயிரிலே எப்படி நிற்கின்றது என்பதே முதல் வினா. குருவின் முன்னே கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் நம் வாலிபர்களும், கேட்டால் முகஞ் சுளிக்கும் நம் முதியோர்களும் இந்நூலை ஒரு முறை புரட்டிப் பார்த்தல் நலம்.

கன்மத்தைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாய் தந்தையர் சொல்வழி வாராத பிள்ளையை அதட்டியும் பிரம்பால் அடித்தும் திருத்துவது போல, இறைவன் வினைப்பயனாகிய துன்பத்தைக் கொடுப்பதும் அன்பே என்று சித்தியார் கூறும். மறைத்து நின்று பக்குவப்படுத்துகிற அச்சத்தியைத் திரோதானம் என்பர். இது உயர்ந்த கொள்கை. ஆனால் கடற்பெருக்கின்பின் இதே கொள்கை எப்படிப் பயன்பட்டது என்பதை நாம் கண்டோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், முற்பிறப்பு வினை என்று சொன்னவர்கள் இருந்தனர். அவர்கள் மனத்தாற் கொடியவர்கள் அல்லர், வேறு சொல்லத் தெரியாமற் சொன்னவர்களே பெரும்பாலோர். ஆயினும் அது தவறு என்றே நாம் கொள்கிறோம். தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவதற்காக ஒருவன் தன் நெஞ்சோடு சொல்லிக்கொள்ள வேண்டியதை, அடுத்தவன் துன்பத்துக்குக் கணக்கு எழுதுவதற்குக் கருவியாக்குவது எந்தச் சாத்திரத்துக்கும் நியாயமன்று. அன்று அண்டை அயல் பாராமல், சைவ வீடென்றும் முஸ்லிம் வீடென்றும் பாராமல், சோறு சமைத்து வந்தவர்களும் பிரேதங்களை எடுத்தவர்களும் ஒன்றும் விளக்கவில்லை. அவர்கள் செய்தது விளக்கு ஏற்றிய காரியம்.

இனி வரலாற்றுக்கு மீள்வோம். தில்லைத் திருவிழாவிலே கொடியேற்றும் நாள் வந்தது. அன்றைய பூசை முறை உமாபதியாருக்கு உரியது. விலக்கப்பட்டவர் ஆதலின் வேறொருவர் ஏற்ற முயன்றார். கொடி ஏறவில்லை. எத்தனை முயன்றும் கயிறு இழுபட்டதேயன்றிக் கொடி நின்ற இடத்திலே நின்றது. உமாபதி வந்தால் ஏறும் என்று அசரீரி எழுந்ததாகவும், அந்தணர்கள் சென்று அவரை அழைத்து வந்ததாகவும், அவர் நின்று பாடக் கொடி தானே ஏறியதாகவும் வரலாறு கூறும். அங்கே பாடியது கொடிக்கவி. நான்கே பாட்டு. விலக்கியவர்களை வென்று நிற்கும் நேரத்திலே ஒரு மனிதர் என்ன பாடுவார் என்று நாம் எதிர்பார்ப்போமோ, அது அதிலே இல்லை. பழைய கேள்வியையே எடுத்துக்கொண்டார். ஒளிக்கும் இருளுக்கும் வீடு ஒன்றே. ஒன்று மேலோங்கினால் மற்றது ஒளிந்துகொள்ளும். ஆனாலும் இருளால் ஒளியை நெருக்கி அழிக்க இயலாது. உயிருக்குயிராய் அறிவு உள்ளே விளங்கியிருந்தும், மும்மலத்திலே முழுகிக் கிடக்கிற உயிர் அருளைக் கூட வேண்டும் என்பதற்காகவே கொடி கட்டினேன் என்ற கருத்து முதற்பாட்டிலே அமைந்துள்ளது. வினாவெண்பாவிலே குருவிடம் கேட்டதற்கு, கொடிமரத்தடியிலே நின்று தாமே விடை சொன்னார் எனலாம்.

நம் ஊர்க் கோயில்களிலே கொடியேற்றத்தின்போது மேளமும் வெடியும் அரோகராவும் கேட்கின்றன. கொடி எதற்காக ஏறுகின்றது என்று கேட்டால் திருவிழா தொடங்குவதற்கு என்போம். அதுவும் சரிதான்.

கொற்றவன்குடி மடத்துக்கு நாள்தோறும் விறகு கொண்டுவந்து போடுபவன் ஒருவன் இருந்தான். பெற்றான் சாம்பான் என்பது அவன் பெயர். அக்காலத்தார் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிய குலத்தவன். மடத்து வாயிலுக்கு அப்பால் அவன் வந்தது இல்லை. விறகை இறக்கிவிட்டுத் தொழுது போவான். ஒரு நாள் அவன் கையிலே ஓர் ஓலை இருந்தது. இறைவனே ஆள்வடிவிலே வந்து எழுதிக் கொடுத்த சீட்டு என்பர். சாம்பானுக்குத் தீக்கை கொடுத்து முத்தியிலே சேர்க்க வேண்டும் என்பது உமாபதியாருக்கு அதிலே இருந்த கட்டளை. அவர் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாம்பானை உள்ளே அழைத்துத் தீக்கை செய்தார். அந்தக் கணத்திலேயே அவன் சோதியிலே கலந்தான்.

கூழ் பருகியதற்காக விலக்கப்பட்டவருக்கு இது அடுத்த படி. இருள் எவ்வுயிருக்கும் ஒன்றே என்று எழுதியவர், அருளும் எவ்வுயிருக்கும் ஒன்றே என்பதைத் தம் மடத்து முற்றத்திலே செய்து காட்ட வேண்டியதாயிற்று. குலத் தாழ்வு முன்வினையால் வந்தது, அதை அப்படியே விடவேண்டும் என்று சொல்லித் தப்பிக்கொள்ள அவருக்குச் சாத்திரம் தெரியாததன்று. நம் நாட்டிலும் கோயில் வாசலோடு மனிதரை நிறுத்தி வைத்த காலம் ஒன்று இருந்தது. அப்படி நிறுத்தியவர்களும் கன்மத்தையே காரணம் காட்டினர்.

இக்கதையை இத்தோடு முடித்துப் பிரசங்கம் செய்பவர்கள் உண்டு. ஆனால் மரபு இன்னும் ஒரு செய்தியைச் சொல்கிறது. சாம்பானுக்கு மனைவி இருந்தாள். காலையிலே விறகோடு போனவன் மாலையிலே வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. சாமியார் தன் கணவனைச் சுட்டு எரித்துவிட்டார் என்று அவள் அரசனிடம் போய் முறையிட்டாள். அவளை அறியாதவள் என்று சொல்லிவிடுதல் எளிது. முத்தி என்றால் என்ன என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளுக்குத் தெரிந்தது அடுப்படியிலே ஓரிடம் வெறுமையானது. கடற்பெருக்கிலே உடம்பும் கிடையாமற் போனவர்களின் வீட்டாரைக் கண்ட நாம் அவளைக் குறை கூறமாட்டோம்.

அரசன் அவள் வழக்கைத் தள்ளவில்லை. உமாபதியாரிடம் வந்து விளக்கம் கேட்டான். அவர் சினக்கவில்லை, சாத்திரமும் பேசவில்லை. பக்கத்திலே வேலியோரமாக ஒரு முள்ளிச் செடி நின்றது. நீர் வார்க்கவும் ஆளில்லாத, காலிலே குத்தினால் பிடுங்கி எறியும் செடி. அதற்குத் தீக்கை செய்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அதுவும் ஒளியாய் எழுந்து கலந்தது என்பர்.

திருவருட்பயனின் நாலாம் அதிகாரத்திலே மீனைப் பற்றிய உவமை ஒன்று வருகின்றது. பாற்கடலிலே வாழும் மீன், தன்னைச் சூழ்ந்த பாலை உண்ணாமல் வேறு சிறு இரையைத் தேடித் திரிவது போல, அருளுக்குள்ளே இருந்தும் உயிர்கள் வேறொன்றைத் தேடி அலைகின்றன என்பது பொருள். கடலோரத்து மக்களுக்கு இதைப் பொருள் சொல்லிக் கொடுப்பது கடினமன்று. வரும் சித்திரை அத்தத்தன்று குருபூசை முடிந்து, அன்னம் பரிமாறுமுன், மூன்றாம் நாலாம் அதிகாரங்களின் இருபது பாக்களையும் வாலிபர்கள் வாசிக்க, முதியோர் பொருள் சொல்லலாம். கேள்வி கேட்பவர்களுக்கும் அங்கே இடம் வைக்க வேண்டும்.